வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் உண்டு: சுங்கை சிப்புட் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. அவனுக்கு ஆட்டிசம் என்று எங்களுக்குத் தெரியவந்தபோது இருபத்தாறு. அதுவரை ரப்பர் தோட்டத்தில் அவன் ‘பேசாத பிள்ளை’. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனுக்குக் குடிவந்த பிறகு ‘ஒரு மாதிரியான பையன்’. அவனுக்காக நான் அலைந்ததைப் பார்த்தவர்கள் கோயில் வாசலிலும், சந்தையிலும், கல்யாணப் பந்தியிலும் என்னைத் தனியே அழைத்துத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை. எட்டு ஆண்டுகளாக வரிசையில் நின்று கற்றுக்கொண்ட ஓர் அக்காவின் பதில்கள் இவை.

ஆட்டிசம் குழந்தைகளுக்கு வருவதுதானே? எங்கள் மகனுக்கு இருபத்தெட்டு வயதாகிறதே.

குழந்தையில் தொடங்குகிறது, குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை. மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வேறுபாடு அது. காய்ச்சலைப் போல வந்து போவதில்லை. சிலர் மணிக்கணக்கில் பேசுவார்கள், சிலர் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். இருவருக்கும் ஆட்டிசம் இருக்கலாம்.

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்ற பெயர் மருத்துவ உலகில் பரவியது அதன் பிறகுதான். அந்தப் பதினொருவரில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட சிறுவன் டொனால்ட் டிரிப்ளெட். அவர் 2023இல், 89ஆம் வயதில் காலமானார். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். மூன்று வயதில் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்ட பெற்றோரே பிறகு அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வளர்ந்தபின் உள்ளூர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கால்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகளுக்குப் போய்வந்தார். அந்த வங்கியில் அவருடைய குடும்பத்துக்குப் பங்கு இருந்தது, வசதியும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் எல்லாவற்றையும் பணம் செய்யவில்லை, பாதியை ஊர் செய்தது. அவர் யார், எப்படிப் பேசுவார், எதற்குக் கலங்குவார் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. சுங்கை சிப்புட்டும் சின்ன ஊர்தான். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வருவது.

தோட்டத்தில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தான். டவுனுக்கு வந்த பிறகுதான் இப்படி ஆகிவிட்டான். ஏன்?

இதை என் அம்மாவும் கேட்டார். தோட்டத்தில் ஒரு நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கு, அதே செம்மண் பாதை, அதே முகங்கள், அதே நேரத்தில் பால் நிறுக்கும் இடம். பள்ளி முடிந்து வந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் யாராவது இருப்பார்கள். என் தம்பி லயத்தின், அதாவது வரிசை வீடுகளின், கடைசி வீட்டுக்கு நடந்து போய் நடந்து வருவான், பத்துத் தடவை. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் அந்த நடை நின்றது. மாடிப்படியில் மேலும் கீழும் போனான், கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னார், கதவைப் பூட்டினோம். பூட்டிய பிறகுதான் கையைக் கடிக்கத் தொடங்கினான்.

தோட்டத்தைச் சொர்க்கமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. எங்கள் லயத்தில் ஒரு பெண்ணின் கணுக்காலைப் பழைய சேலைக் கிழிசலால் தூணோடு கட்டியிருப்பார்கள். பெற்றவர்கள் இருவரும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போய்விட்டால் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தத் துணி தூணைத் தேய்த்துத் தேய்த்து ஒரு வளையமாக மரம் வெளுத்துப் போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போவேன்.

ஆக, திரும்பக் கொண்டுவர வேண்டியது தோட்டத்தை அல்ல, அங்கிருந்த நாளின் ஒழுங்கையும் நடக்க ஒரு பாதையையும்தான். எங்கள் வீட்டுச் சுவரில் ஆறு படங்கள் இருக்கின்றன: குளியல், பசியாறல், வேலை, சாப்பாடு, நடை, படுக்கை. ஏதாவது மாறப்போகிறது என்றால் முதல் நாளே படத்தை மாற்றிவிடுவோம். காலையும் மாலையும் ரயில் நிலையம் வரை நடந்துவிட்டு வருகிறான். கையைக் கடிப்பது முற்றிலும் நின்றது என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் நின்றுவிட்டது.

இந்த வயதில் யாரிடம் போய் உறுதிப்படுத்துவது?

முதலில் அரசாங்கச் சுகாதார மருந்தகம். அங்குள்ள மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும்; அதைக் கொண்டு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நமக்கு அருகில் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பழைய பள்ளிக்கூட அறிக்கைகள், தடுப்பூசிப் புத்தகம், சிறுவயதுப் படங்கள் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது நடந்தான், எப்போது முதல் சொல் பேசினான், மற்ற பிள்ளைகளோடு விளையாடினானா என்றுதான் மருத்துவர் அதிகம் கேட்பார். அதனால் அம்மாவையோ வளர்த்த பாட்டியையோ அழைத்துப் போக வேண்டும். நாங்கள் முதல் தடவை அம்மா இல்லாமல் போய் ஒரு நாள் சம்பளத்தை வீணாக்கினோம்.

மனநலப் பிரிவு என்றதும் பலருக்குத் தஞ்சோங் ரம்புத்தான் நினைவுக்கு வந்துவிடுகிறது. பேராக்கில் பிறந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தப்பட்டவர்கள்தாம். 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். ஒருவர் மனநல மருத்துவரைப் பார்த்தால் அங்கே அடைத்துவிடுவார்கள் என்பது பழைய பயம். ஆட்டிசம் மனநோய் அல்ல. அதை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் அந்தப் பிரிவில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அட்டை எடுப்பது எப்படி?

மாற்றுத்திறனாளி அட்டை, எல்லாரும் ஓ.கே.யூ. அட்டை என்று சொல்வது, சமூகநல இலாகா தருவது. கட்டணம் இல்லை. விண்ணப்பப் பாரத்தில் மருத்துவர் தம் பகுதியை நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். நாம் கோலகங்சார் மாவட்டம் என்பதால் அங்குள்ள மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். ஆட்டிசத்துக்கெனத் தனிப்பிரிவு கிடையாது; கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். அதைப் பார்த்து, ‘என் பெண் நன்றாகப் படிப்பாளே’ என்று சண்டை போட வேண்டாம். அது இலாகா வகுத்த பிரிவின் பெயர்.

அட்டை எடுத்தால் பெயர் கெட்டுவிடாதா? தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கும். கேட்பவர்மேல் கோபம் இல்லை. நானும் இதே கணக்கைப் போட்டவள். என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் தம்பியைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். புது இடம், புது மணம். மூன்று மணி நேரம் அழுதிருக்கிறான். அன்று இனிப்பைத் தட்டில் எடுத்து வைத்த என் கை நடுங்கியது எதனால் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அட்டை ஒருவருடைய அடையாள அட்டை மாதிரி பையில் இருக்கும் பொருள். நீங்கள் காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியாது. ஊருக்கோ ஏற்கெனவே தெரியும். மறைப்பதால் நீங்கள் இழப்பவை இவை: அரசு மருத்துவமனையில் கட்டண விலக்கு, மாத உதவித்தொகை, ரயில் கட்டணச் சலுகை, வேலைக்கான வழிகள். இன்னொன்றும் உண்டு. மறைத்து நடக்கும் கல்யாணத்துக்குப் பிறகு, அந்தப் பெண் தன் அண்ணனைப் பார்க்கப் பிறந்த வீட்டுக்கு வருவதற்கே காரணம் சொல்ல வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்ன பிறகும் வருகிற மாப்பிள்ளை நாளைக்கு உங்கள் மகனுக்கு ஓர் ஆதரவு. என் கணவர் அப்படித்தான் வந்தார், இரண்டாவதாக வந்த வரன்.

மாதம் எவ்வளவு கிடைக்கும்?

வேலை செய்ய இயலாதவர்களுக்கான உதவித்தொகை 2021ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 250 ரிங்கிட்டிலிருந்து 300 ஆனது. வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளியின் சம்பளம் குறைவாக இருந்தால் அவருக்குத் தரும் படி அதே பட்ஜெட்டில் 400இலிருந்து 450 ஆனது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். வருமான வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஒருமுறை தள்ளுபடி செய்தார்கள் என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் போய்க் கேளுங்கள். வங்கிக் கணக்கு அவன் பெயரில் இருக்க வேண்டும். கையெழுத்து போடத் தெரியாதவர்களுக்குக் கைரேகை வாங்குவார்கள்; கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போவது நல்லது.

பள்ளி முடிந்துவிட்டது. இனி நாள் முழுவதும் வீட்டில்தானா?

பெரும்பாலான வீடுகளில் இன்று நடப்பது அதுதான், இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். 2019இல் கல்வி அமைச்சு எந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். சிறப்புக் கல்வி வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார், துணையாளர் இருக்கிறார், தினமும் போக ஓர் இடம் இருக்கிறது. பத்தொன்பது வயதில் அவை எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளை சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் பஸ்ஸுக்காக நிற்கும். இதை நான் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஐந்து மாதம் நின்றாள்.

நம் கைக்கு எட்டும் இடம் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையம். சமூகநல இலாகாவின் கீழ் ஊர்க்காரர்களின் செயற்குழுவைக் கொண்டு நடப்பது. 1984இல் திரங்கானுவில் பத்து ராக்கிட்டில் சோதனையாகத் தொடங்கியது, இன்று நாடு முழுவதும் இருக்கிறது. பயிற்சிக்கு வருபவர்களுக்குச் சிறு மாதப்படியும் உண்டு. பெரியவர்களும் சேரலாம்; இது பலருக்குத் தெரிவதில்லை.

சேர்ப்பதற்கு முன் ஒரு காலை முழுவதும் அங்கே உட்கார்ந்து பாருங்கள். முப்பது வயதுக்காரரையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் ஒரே மேசையில் வைத்து வண்ணம் தீட்டச் சொல்கிறார்களா? அப்படியென்றால், பெரியவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். சமையல், துணி மடித்தல், பஸ்ஸில் போய்வருதல், காசு எண்ணுதல் இவை அந்த வயதுக்குரியவை. செயற்குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. நம்மவர்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. மலாய் சரளமாக வராது என்ற கூச்சம்தான் காரணம். உடைந்த மலாயில் பேசினாலும் கேட்கிறார்கள், நான் பேசியிருக்கிறேன்.

மொழியைப் பற்றி இன்னொரு செய்தி. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்தவனிடம் பயிற்றுநர் மலாயில் சொல்லும்போது அவன் பேசாமல் நின்றால், ‘புரியும் திறன் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். ஓரிடத்தில் என் தம்பியைப் பற்றியும் அப்படி எழுதினார்கள். அதே கட்டளைகளை நான் தமிழில் சொன்னேன், ஏழில் ஆறைச் செய்தான். மதிப்பீடு செய்யும்போது தமிழ் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இவர்களால் வேலைக்குப் போக முடியுமா?

எல்லாராலும் முடியாது. நாம் நினைப்பதைவிட அதிகம் பேரால் முடியும்.

என் தம்பி ஊருக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்புகிறான். சேர்ந்த மூன்றாம் நாளே ‘இவன் வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ‘பை நிறைய மண் போடு’ என்றிருக்கிறார்; இவன் வழிய வழியப் போட்டிருக்கிறான். ‘கொஞ்சம் குறை’ என்றிருக்கிறார், பாதியைக் கொட்டிவிட்டான். நான் மறுநாள் போய், ஒரு பையில் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை கீழே வெள்ளை மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். ‘இதுவரைக்கும், தம்பி’ என்றேன். கோட்டைத் தொட்டுப் பார்த்தான். நிரப்பினான். உள்ளங்கையால் மண்ணைத் தட்டிச் சமன்செய்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு அடுத்த பையை எடுத்தான். பத்துப் பைகளுக்குக் கோடு போட்டோம். பதினொன்றாவதற்குக் கோடு தேவைப்படவில்லை. இன்று அவன் நிரப்பிய வரிசையை அந்த மண்டோர் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வார். தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடும் நேரத்தில் காது அடைப்பான் போட்டுக்கொள்கிறான். நான்கு ஆண்டுகளாகிவிட்டன.

‘கொஞ்சம்’, ‘சீக்கிரம்’, ‘அப்புறம்’ என்ற சொற்கள்தாம் அவர்களுக்குச் சுவர். இந்தச் சொற்களைக் கோடாகவும் எண்ணிக்கையாகவும் மாற்றித்தர ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஜாப் கோச் என்பார்கள். ஜப்பானின் ஜைக்கா என்ற அரசு உதவி நிறுவனத்தின் ஒத்துழைப்போடு சமூகநல இலாகா இந்த முறையை இங்கே கொண்டுவந்தது. பெர்கேசோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் இதில் ஈடுபடுகிறது. முதலாளியிடம் போகும்போது ‘பாவம், ஒரு வேலை கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். இரண்டு வாரம் கூடவே நின்று பழக்கிவிட ஒருவர் வருவார் என்று சொல்லுங்கள். பேச்சே மாறிவிடும்.

அரசுத் துறை தன் வேலைகளில் நூற்றுக்கு ஒன்றை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை 1988 முதல் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்கத் தயங்கக் கூடாது.

திடீரென்று கத்துகிறான், தலையைச் சுவரில் மோதுகிறான். முனி அடித்திருக்கும் என்கிறார்கள்.

பூசாரியிடம் போவதை நான் தடுக்கவில்லை. திருநீறு பூசினால் என் தம்பியும் அடங்கி நிற்பான், அந்த விரலின் அழுத்தம் அவனுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர் உடம்பால்தான் சொல்வார். பல், காது, மலச்சிக்கல், வயிற்றுப் புண். எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுக்க இரவில் கத்தினான். மந்திரித்தோம், கயிறு கட்டினோம். கடைசியில் கீழ்த்தாடையின் பின்பல் ஒன்று ஈறு வரை சொத்தை. பிடுங்கிய அன்றிரவு பத்து மணி நேரம் தூங்கினான். அம்மா அவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

உடம்பில் எதுவும் இல்லையென்றால் சூழலைப் பாருங்கள். தைப்பூசத்தில் உறுமி மேளம் பத்தடி தூரத்தில் முழங்கும்போது நமக்கு அருள் வருகிறது. அவர்களில் பலருக்குக் காதில் ஆணி இறங்குவது போல் இருக்கும். கூட்டம் சேருமுன் விடியற்காலையில் அழைத்துப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து கிடையாது. கடுமையான கொந்தளிப்பைத் தணிக்க மருத்துவர் சில மருந்துகள் தரலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோயும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. வலிப்பு மாத்திரையை நீங்களாக ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ‘முழுமையாகக் குணமாக்குவோம்’ என்று விளம்பரம் செய்து பணம் கேட்பவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறான்.

பக்கத்துக் கடைகள், பெட்ரோல் நிலையம், கோயில், போலீஸ் நிலையம் எல்லாவற்றுக்கும் அவனை ஒருமுறை நேரில் அழைத்துப் போய் முகத்தைக் காட்டிவிடுங்கள். போலீஸ்காரரிடம் இவன் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டான், ஓடவும் கூடும், பயந்துதான் ஓடுவான் என்று முன்பே சொல்லி வையுங்கள். சட்டைப்பையில் அட்டையும் உங்கள் எண்ணும் இருக்கட்டும். ரயில் பாதையும் ஆறும் உள்ள ஊர் இது. காணவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

எங்களுக்கு மகள். வயதுக்கு வந்த பெண் என்பதால் வெளியே அனுப்பவே பயம்.

பயம் நியாயமானது. அதற்காகப் பூட்டி வைத்தால் ஆபத்து உள்ளேயும் வரலாம், தெரிந்தவர்கள் மூலமாகவே வரலாம். மாதவிடாய்த் துணி மாற்றுவதைப் படம் வரைந்து, ஒரே வரிசையில், ஒவ்வொரு மாதமும் பழக்குங்கள். உடம்பின் பகுதிகளுக்குச் சரியான பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதைப் பெயர் பெயராகச் சொல்லுங்கள். ‘பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்’ என்று மட்டும் பழக்கிய பெண்ணுக்கு மறுக்கத் தெரியாது. ‘வேண்டாம்’ என்று அவள் சொல்லும்போது, அது ஒரு கவளம் சோற்றுக்காக இருந்தாலும், வீட்டில் மதியுங்கள். அங்கிருந்துதான் பழக்கம் வரும்.

தவறு நடந்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் குளிக்கவைக்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

எங்களுக்குப் பின்னால் இவனை யார் பார்ப்பார்கள்?

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி இதுதான். அம்மாக்கள் பந்தியில் எழுந்து கை கழுவப் போகும்போது கேட்பார்கள். ‘எனக்கு முன்னால் அவன் போய்விட வேண்டும்’ என்று வேண்டிக்கொள்வதாக ஒருவர் சொன்னார். என் கையை அவர் விடவில்லை, நானும் விடவில்லை.

சட்டம் முதலில். வயது வந்தோர் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயதானதும் அவன் முழு மனிதன். பெற்றவர்களின் காப்பாளர் உரிமை அத்துடன் முடிகிறது. தன் சொத்தையும் தன்னையும் பார்த்துக்கொள்ள இயலாதவர் என்றால், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் விசாரித்து ஒருவரை நியமிக்கலாம். செம்பனைக் குலை சுமந்து பிழைக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத உயரம். இந்தியாவில் 1999இலேயே தேசிய அறக்கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே ஆட்டிசம் உள்ள பெரியவருக்குக் காப்பாளரை நியமிக்க மாவட்ட அளவில் ஒரு குழு போதும்; மாவட்ட ஆட்சியர் அதில் ஓர் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துத் தாய் ஆட்சியர் அலுவலகத்தில் முடித்துக்கொள்ளும் காரியத்துக்கு நம் தாய் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது. நாம் ஒன்று கேட்பதானால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

பணம் அடுத்து. தொழிலாளி இறந்தால் பெர்கேசோ அவருடைய குடும்பத்துக்கு ஓய்வூதியம் தருகிறது. பிள்ளைகளுக்குச் சாதாரணமாக இருபத்தொரு வயது வரை. உடல் அல்லது மன இயலாமையால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அந்த வரம்பு இல்லை. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே அதை எடுத்து வைத்தால் அவர் போன துக்கத்தில் அலைய வேண்டாம்.

ஊழியர் சேமநிதியில் (இ.பி.எஃப்.) பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று வாயால் சொல்லிவிட்டு மூத்த மகனின் பெயரை வாரிசாக எழுதுவார்கள். முஸ்லிம் அல்லாதவர்களைப் பொறுத்தவரை, பெயர் எழுதப்பட்டவருக்கே அந்தப் பணம் சொந்தம். வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. மூத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கும் கடன் வரும், நோய் வரும், மனைவி மக்கள் உண்டு. தம்பிக்கென்று தனியே ஒரு பங்கு இருக்க வேண்டும். வீடு இருந்தால் உயில் எழுதுங்கள். அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவில் உயிலும் எழுதலாம், அவன் செலவுக்கு மாதாமாதம் கொடுக்கும்படி அறக்கட்டளையும் ஏற்படுத்தலாம்.

இருக்க இடம். கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்காக இலாகா நடத்தும் தாமான் சினார் ஹராப்பான் இல்லங்கள் சில ஊர்களில் உள்ளன. தனியார் இல்லம் என்றால் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படிப் பதிவானதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். சமையலறையையும் கழிப்பறையையும் பார்த்தால் போதும்.

இவற்றையெல்லாம்விட அவசரமான காரியம் ஒன்று, அதற்குப் பணமும் தேவையில்லை: நீங்கள் இல்லாத ஓர் இரவை அவனுக்குப் பழக்குங்கள். முதலில் ஒரு மதியம் அத்தை வீட்டில், பிறகு ஓர் இரவு, பிறகு இரண்டு. நாற்பது ஆண்டுகள் அம்மாவின் கையால் மட்டுமே சாப்பிட்டவன், அம்மா இறந்த அன்றைக்கே அந்நியர் கையால் சாப்பிட வேண்டியிருப்பதுதான் நான் கண்ட மிகப் பெரிய கொடுமை. என் அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் எழுத ஆரம்பித்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ‘தோசையைக் கிழித்துத் தட்டில் வைக்கக் கூடாது, முழுதாக வைக்க வேண்டும்.’ ‘இடது காலில்தான் முதலில் செருப்பு.’ ‘இடி இடித்தால் மேசைக்கடியில் போவான், இழுக்காதே, கூட உட்கார்.’ அறுபத்தெட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது.

நம் ஊரில் சேவைகள் மேம்பட நாம் என்ன கேட்கலாம்?

2008இல் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. உரிமைகளைச் சொன்னது, மீறுபவருக்குத் தண்டனை எதையும் வைக்கவில்லை. இங்கிலாந்தில் அடுத்த ஆண்டே, 2009இல், ஆட்டிசத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள். அதன்படி வயது வந்தவர்களுக்கான திட்டத்தை அரசாங்கம் எழுத்தில் வெளியிட வேண்டும், உள்ளூர் அமைப்புகள் அதன்படி நடக்க வேண்டும். பெரியவர்கள் என்ற சொல்லைச் சட்டமே சொன்னதால் அதிகாரிகள் அவர்களைக் கண்டுகொள்ள வேண்டியதாயிற்று.

இந்த ஊருக்கு நான் கேட்பவை பெரியவை அல்ல. பெரியவர்களுக்கென்று வாரம் ஐந்து காலை திறந்திருக்கும் ஓர் இடம். தோட்டத்து வாசல் வரை வந்து அழைத்துச் செல்லும் ஒரு வேன். பஸ் வராத தோட்டங்களில்தான் பூட்டிய அறைகள் அதிகம். தமிழ் தெரிந்த ஒரு நல அலுவலர், மாதம் இரண்டு நாளாவது. பள்ளியைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அடுத்து யாரிடம் போகிறது என்று எழுதி வைக்கும் ஒரு பதிவேடு.

அரசாங்கம் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, இந்தத் தொகுதியின் பிரதிநிதியாக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரம் வெட்டிய கைகள், வெள்ளி என்ற அன்றைய பணத்தில் பத்துப் பத்தாகக் கொடுத்தே அது தோட்டங்களை வாங்கியது. எங்கள் தாத்தாவும் கொடுத்தவர். இப்போது நாங்கள் ஆறு குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். ஒருவர் வீட்டுப் பிள்ளைகளை இன்னொருவர் மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்வார். அந்த மூன்று மணி நேரத்தில் ஓர் அம்மா பத்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகத் தனியாகக் கடைக்குப் போய்ச் சேலை எடுத்து வந்தார். பச்சைச் சேலை.

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இப்படி ஒருவர் வந்தால் எப்படிப் பேசுவது?

பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நேரமாகும். கண்ணைப் பார்க்கவில்லை என்று தவறாக நினைக்காதீர்கள், காதால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். சில்லறையை அவரே எண்ணிக் கொடுக்கட்டும். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால், அவருக்கு வேறு பக்கத்தில் கணக்குப் போட்டு அனுப்பிவிடுங்கள்.